பெட்டி சொன்னதும் நான் சொன்னதும்

இரைச்சல் எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. வீட்டில் ரேடியோவைக்கூடப் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கேட்கிற அளவுக்குத்தான் வைப்போம். என் மனைவி முத்தாத்தாள் பாத்திரம் கழுவும்போதுகூடச் சத்தம் வராமல் கழுவப் பழகிவிட்டாள். இருபத்திரண்டு வருடம் எஞ்சின்களுக்கு நடுவே உட்கார்ந்தவனுக்கு இந்தச் சலுகையாவது வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் உங்களைத் தோப்புக்குள் அழைத்து வந்தேன். இங்கே தேங்காய் போடுகிற ஆட்கள் இன்று வரமாட்டார்கள். நிதானமாகப் பேசலாம்.

நீங்கள் விசாரணைக் குழுவின் சட்ட அதிகாரி. விமானம் ஓட்டியவர் இல்லை. ஆகவே எளிமையாகச் சொல்கிறேன். புரியாத இடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

எங்கள் கம்பெனி சின்னது. மூன்றே விமானங்கள், ஒவ்வொன்றிலும் நாற்பது இருக்கைகள். திருவனந்தபுரத்திலிருந்து கோயமுத்தூருக்கு வருகிற தடம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. காற்றில்லாத நாளில் நாற்பத்தைந்து நிமிடப் பயணம். முப்பதாவது நிமிடத்தில் ஆனைமுடி காலுக்குக் கீழே வரும். கிட்டத்தட்ட ஒன்பதாயிரம் அடி உயரமான மலை அது. முப்பத்தைந்தாவது நிமிடத்தில் மலைகள் முடிந்து பொள்ளாச்சி, எங்கள் சித்தூர்ச் சமவெளி வந்துவிடும். தெளிவான நாளில் இந்தப் பெருமாட்டித் தோப்பைக்கூட நான் மேலிருந்து அடையாளம் கண்டிருக்கிறேன். சமவெளி வரும்வரை பதினோராயிரம் அடிக்குக் கீழே இறங்கக் கூடாது. மேகம் மூடியிருந்தால் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது, கடிகாரத்தைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடக்கிலிருந்து எதிர்க்காற்று அடிக்கும்போது விமானம் மெதுவாகப் போகும். முப்பத்தைந்து நிமிடத்தில் கடக்க வேண்டிய மலையைக் கடக்க நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். இதைக் கணக்கில் எடுக்காதவன் சமவெளி என்று நினைத்து மலைக்குள் இறங்குவான். அவ்வளவுதான் இந்தத் தடத்தில் உள்ள ஆபத்து. இதை ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூடப் புரிந்துகொள்ளும்.

1977 தொடக்கத்தில் எல்லா விமானங்களிலும் ஒரு பெட்டியை வைத்தார்கள். தரை வேகமாக நெருங்கினால் அது கண்டுபிடித்துக் கத்தும். முதலில் ஒரு ஊளை, பிறகு ஒரு வெள்ளைக்காரனின் குரல், மேலே ஏற்று, மேலே ஏற்று என்று ஆங்கிலத்தில். கூடவே ஒரு சிவப்பு விளக்கு. குரல் கேட்டதும் முதலில் ஏற்ற வேண்டும், காரணத்தைப் பிறகு யோசிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. யோசிக்காமல் செய்வதற்கு எதற்கு ஒரு கேப்டன்?

நான்தான் கம்பெனியின் மூத்த கேப்டன். யார் எந்த விமானத்தில் போவது என்று போடுகிறவனும் நானே, துணை விமானிகளைச் சோதித்துக் கேப்டனாக உயர்த்தக் கையெழுத்துப் போடுகிறவனும் நானே. சுருளிவேல் அப்படித்தான் என்னிடம் வந்தான். முப்பது வயது. மூணாறுக்குக் கீழே சித்திரபுரத்தில் தேயிலை எஸ்டேட் கூலிக்காரர்களின் லயத்து வீட்டில் பிறந்தவன். அவன் அம்மா அழகுத்தாய் கொழுந்து பறிக்கிறவள். எஸ்டேட்டில் இருந்த ஒரு துரை, ஊருக்குப் போகும்முன் இவன் படிப்புக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போனாராம். நன்றாக ஓட்டினான். நான் மறுக்கமாட்டேன். கை மென்மையானது. இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாது.

அந்த வருடம் நவம்பரில் ஒரு திங்கட்கிழமை காலை. நான் கேப்டன், அவன் பக்கத்தில். கீழே முழுக்க மேகம். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் நான் இறங்கலாம் என்றேன்.

"சார், காத்து எதுக்க அடிக்கி. இன்னும் அஞ்சாறு நிமிசம் இப்படியே போயிருவோமா?" என்று கேட்டான்.

இறக்கத் தொடங்கினேன். ஒன்பதாயிரத்து இருநூறு அடியில் பெட்டி கத்தியது. புதுச் சாமான், எங்கோ கோளாறு என்று நினைத்து அதை நிறுத்தக் கையை நீட்டினேன். அதற்குள் அவன் இரண்டு எஞ்சின்களுக்கும் முழு விசை கொடுத்து, விமானத்தின் மூக்கைத் தூக்கிவிட்டான். என்னிடம் கேட்கவில்லை. குறுக்கே நீண்ட என் கையைத் தன் கையால் விலக்கிவிட்டுச் செய்தான்.

மேகம் ஒரு இடத்தில் கிழிந்தது. இடது ஜன்னலுக்கு வெளியே புல் தெரிந்தது. மலைச்சரிவு. அதில் வரையாடுகள் ஓடிக்கொண்டிருந்தன. கொம்பு தெரிகிற தூரம். பிறகு மேகம் மூடிக்கொண்டது. நாங்கள் ஏறிக்கொண்டிருந்தோம். பின்னால் முப்பத்தொன்பது பேர் எதையும் பார்க்கவில்லை. பணிப்பெண் ரோசி மிட்டாய்த் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

கோயமுத்தூரில் இறங்கியதும் கேண்டீனில் டீ சொன்னேன். வந்ததைக் கையில் எடுத்தேன். சாஸரில் கோப்பை தடதடவென்று அடித்துக்கொண்டது. சுருளிவேல் கையை நீட்டி என் சாஸரைப் பிடித்துக்கொண்டான். நான் குடித்து முடிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். பதிவேட்டில் 'பயணம் வழக்கம்போல்' என்று அவனே எழுதினான். யாரிடமும் சொல்லவில்லை. நான் பல நாள் காத்திருந்தேன். கம்பெனியிலிருந்து கடிதம் வரும், ஒரு விளக்கம் கேட்பார்கள், மூன்று மாதம் தரையில் உட்கார வைப்பார்கள் என்று. அப்படி நடந்திருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும். நீங்களும் இன்று இங்கே வந்திருக்க வேண்டியதில்லை.

இரண்டு வாரம் கழித்து இந்த வீட்டுக்கு வந்தான். அவன் அம்மா எனக்கென்று கொடுத்தனுப்பிய தேயிலைத் தூள் ஒரு பொட்டலம் கொண்டுவந்தான். கூடத்தில் உட்காரச் சொன்னேன். முத்தாத்தாள் காப்பி கொடுத்தாள். பேச்சு வாக்கில் அவள் கேட்டாள், மலைக்கு மேலே பறப்பது பயமாக இல்லையா என்று.

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "போன மாசம் ஒரு நாளு பெட்டி கத்திட்டும்மா. நான் வெலவெலத்துப் போயிட்டேன். சார்தான் டக்குனு ஏத்திக் காப்பாத்துனாக. அன்னைக்கி சார் இல்லன்னா நாங்க யாருமே இல்ல."

அவன் என்னைப் பார்க்கவே இல்லை. முத்தாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் எனக்குச் சுற்றிப்போட மிளகாயும் உப்பும் எடுத்து வந்தாள். அவன் எழுந்து நின்று, கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் தலையைச் சுற்றி அவள் கை மூன்று முறை போயிற்று. நான் உட்கார்ந்திருந்தேன்.

அவன் போன பிறகு அவள் சொன்னாள், "ஏனுங்க, அந்தத் தம்பி எத்தன மருவாதியாப் பேசறாரு பாருங்க."

அவன் குடித்த தம்ளரைத் தனியாக எடுத்து வைக்கச் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு எடுத்து வைத்தாள்.

கோபம் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். கோபம் இல்லை. அவனிடம் ஒரு குறை இருந்தது, அதைத் திருத்த வேண்டியது என் பொறுப்பு. கேப்டன் சொல்லாமல் கையை நீட்டுகிற குறை. ஒரு இயந்திரம் கத்தினால் பக்கத்தில் இருக்கிற மனிதனை மறந்துவிடுகிற குறை. ஒருமுறை அது சரியாக அமைந்துவிட்டது என்பதால் குறை இல்லாமல் போகுமா?

அந்தப் பெட்டி வேலை செய்கிறதா என்று தரையில் பார்ப்பதற்கு ஒரு பொத்தான் உண்டு. அமுக்கினால் ஊளை, குரல், விளக்கு எல்லாம் நிஜம்போலவே வரும். எங்கள் விமானங்களில் அது கேப்டனின் இடது முழங்காலுக்கு அருகே இருந்தது. துணை விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியாது. பறக்கும்போதும் அது வேலை செய்யும் என்று நான்தான் கண்டுபிடித்தேன்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் நடுவரை பதினொரு தடவை அமுக்கினேன். எப்போதும் பாதுகாப்பான இடத்தில்தான். மலையெல்லாம் தாண்டி, சமவெளிக்கு மேலே, ஆனால் மேகத்துக்குள். உயிருக்கு ஆபத்து வரும்படி நான் எதையும் செய்ததில்லை. பெட்டி கத்தும். அவன் ஏற்றுவான். ஒவ்வொரு முறையும் அதே வேகம். நான் பேசாமல் கட்டுப்பாட்டை அவன் கையிலிருந்து வாங்கி, விமானத்தைச் சமப்படுத்தி, ஒலிபெருக்கியில் பயணிகளிடம் சொல்வேன், "மன்னிக்க வேண்டும், என் துணை விமானி ஒரு சத்தத்துக்குப் பயந்துவிட்டார்." சிலர் சிரிப்பது கதவுக்கு இந்தப் பக்கம் கேட்கும்.

மூன்றாவது தடவை காப்பி கொடுத்துக்கொண்டிருந்த நேரம். ரோசியின் முன்கை வெந்துவிட்டது. ஆறு மாதக் கர்ப்பிணி ஒருத்தி முன் இருக்கையில் மோதிக்கொண்டாள். இறங்கியதும் சுருளிவேலைப் படிக்கட்டின் கீழே நிற்க வைத்து, இறங்குகிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். முப்பத்தாறு பேர். கடைசியாக அந்தப் பெண் வந்தாள். வயிற்றைப் பிடித்தபடி அவனைத் தாண்டிப் போனாள். அவன் குனிந்தபடியே நின்றான். அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. அது என் வேலையில் வராது.

ஒவ்வொரு தடவையும் பெட்டியைக் கழற்றிச் சோதிக்கச் சொல்வேன். அந்த வேலையைச் செய்தவர் குப்பண்ணன், கஞ்சிக்கோட்டுக்காரர். பொறுமையான மனிதர். ஏப்ரலில் என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்.

"ஏனுங் கேப்டன், பொட்டி நல்லாத்தானுங்க இருக்குது. பதனோரு தடவ கழட்டிப் பாத்துட்டனுங்க. பழுதே இல்லீங்க."

"இல்லாம எப்படிக் கத்தும்? விட்டு விட்டு வர்ற பழுதுன்னு எழுதுங்க" என்றேன்.

எழுதினார். இப்போது அந்தத் தாளை வைத்துத்தான் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருக்கிறீர்கள். அவர் சொன்னது சரி. பெட்டியில் பழுது இருந்ததே இல்லை. இதை நீங்கள் திருத்திக்கொள்ளலாம்.

ரோசிக்குத் தெரியும். எட்டாவது தடவையின்போது தண்ணீர் கொண்டு உள்ளே வந்தவள் கதவோரம் நின்றுவிட்டாள். அன்று மாலை அலுவலகத்தில் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அடிமாலிப் பக்கத்துப் பெண், தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவாள்.

"கேப்டன் சார், நீங்க அந்த பட்டனை அமர்த்துனது நான் கண்டேன். சுருளி பாவம் சார். எதுக்கு?"

பயிற்சி என்றேன். துணை விமானிக்குத் தெரிந்தால் பயிற்சி வீணாகிவிடும், அவன் வேலையும் போய்விடும் என்றேன். அவள் வெந்த கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு நின்றாள். யாரிடமும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவளை என் விமானத்தில் போடுவதை நிறுத்தினேன். சுருளிவேல் கேப்டனானதும் அவனோடு போட்டேன். இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகும்.

மார்ச்சில் அவனுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தேன். நரம்பு டாக்டரைப் பார்க்கச் சொன்னேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார். அவன் மெலிந்துபோனான். சாப்பிடும்போது தட்டில் ஸ்பூன் விழுந்தால் எழுந்து நின்றுவிடுவான், பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு உட்காருவான். ஒருநாள் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்து நின்றான்.

"சார், எங்கிட்ட என்ன கொறன்னு சொல்லுங்க சார். திருத்திக்கிடுதேன். அது கத்துனா எனக்குக் கை தன்னால போயிருது. எங்க அம்மாவுக்கு இந்த வேலையத் தவிர வேற ஒண்ணும் இல்ல சார்."

அந்த நவம்பர் நாளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்குத் தான் ஏற்றியது சரிதானே என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கேட்கவில்லை.

"பெட்டி கத்தினா பெட்டியப் பாக்காத. என் மூஞ்சியப் பாரு. நான் சொன்னா ஏத்து" என்றேன்.

"சரி சார்" என்றான்.

ஏப்ரல் கடைசியில் பன்னிரண்டாவது தடவை. உடுமலைக்கு மேலே, வெள்ளை மேகம். அமுக்கினேன். ஊளை வந்தது. குரல் வந்தது. சுருளிவேல் இரண்டு கைகளையும் தொடைமேல் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான். நெற்றியில் வேர்வை ஓடியது. கை மட்டும் அசையவில்லை. நான் வேண்டுமென்றே பத்து வினாடி முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருந்தேன். அந்தப் பத்து வினாடியும் அந்தக் குரல் கத்திக்கொண்டே இருந்தது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பொய்தானே சார்?" என்று கேட்டான்.

நான் தலையசைத்தேன். அவன் சிரித்தான். நான் முதன்முறையாக அவன் தோளில் கை வைத்தேன். அன்றைக்கு எனக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து முத்தாத்தாளிடம் பையன் தேறிவிட்டான் என்று சொன்னேன்.

ஆகஸ்டில் அவனைக் கேப்டனாக்கக் கையெழுத்துப் போட்டேன். எல்லாப் பரீட்சையிலும் தேறினான். அவன் அம்மா சித்திரபுரத்திலிருந்து பஸ் ஏறிக் கோயமுத்தூருக்கு வந்தாள். தோளில் நாலு பட்டையோடு மகனைப் பார்த்துவிட்டு, நேராக என்னிடம் வந்து காலில் விழுந்தாள். கொழுந்து பறித்துக் கறுத்துப்போன விரல்கள். எழுந்திருங்கள் என்று சொன்னேன்.

இப்போது நீங்கள் கேட்க வந்த நாளுக்கு வருகிறேன். போன நவம்பர் இருபத்தொன்று.

நான் அன்று பறக்கவில்லை. கோயமுத்தூர் விமான நிலையத்தில் எங்கள் அலுவலகத்தில் இருந்தேன். அங்கே கம்பெனிக்கென்று ஒரு வானொலி உண்டு. விமானத்தில் இருப்பவர்களோடு பேசலாம். எத்தனை பயணிகள், வண்டி வேண்டுமா, இப்படிச் சில்லறை விஷயங்கள். அதில் பேசுவது எங்கேயும் பதிவாகாது. சுருளிவேல் திருவனந்தபுரத்தில் காலை ஒன்பதரைக்குக் கிளம்பினான். முப்பத்தாறு பயணிகள். ரோசி, இன்னொரு பணிப்பெண், புதிதாகச் சேர்ந்த ஒரு துணை விமானி. மொத்தம் நாற்பது பேர்.

ஒன்பது ஐம்பதுக்கு வானிலைத் தாள் என் மேஜைக்கு வந்தது. மலைக்கு மேலே வடக்கிலிருந்து பலமான எதிர்க்காற்று, மணிக்கு நாற்பது மைல் என்று போட்டிருந்தது. அவனுக்குக் கிளம்பும்போது கொடுத்த தாளில் பத்து மைல் என்று இருந்திருக்கும். காற்று மாறியதைச் சொல்ல வேண்டியது என் வேலை. அவன் கேட்டால் சொல்லலாம் என்று தாளைக் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தேன்.

பத்து மணி ஆறு நிமிடத்துக்கு அவன் கூப்பிட்டான். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"சார், நான் சுருளி. முப்பத்தஞ்சு நிமிசத்துல எறங்க ஆரம்பிச்சேன். ஒம்பதாயிரத்தி ஐநூறுல பெட்டி ரெண்டு வாட்டி கத்துச்சு. பொறவு நின்னுட்டு. அப்படியே மட்டமா வச்சிருக்கேன். மேகம், ஒண்ணும் தெரியல. பழைய பழுதுதானா சார்? எறங்கட்டா, ஏத்தட்டா?"

என் முன்னால் சுவரில் பெரிய வரைபடம் இருந்தது. தாளை எடுத்துக் காற்றைப் பார்த்தேன். பென்சிலால் கணக்குப் போட்டேன். அந்தக் காற்றில் முப்பத்தாறு நிமிடத்துக்கு அவன் எங்கே இருப்பான் என்று பார்த்தேன். பென்சில் முனை ஆனைமுடிக்குத் தெற்கே, சித்திரபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே வந்து நின்றது. சமவெளிக்கு இன்னும் ஐந்தாறு நிமிடம் இருந்தது. பெட்டி சொன்னது நிஜம். அவன் காலுக்குக் கீழே ஒரு மேடு கடந்து போயிருக்கிறது, எதிரே அதைவிடப் பெரியது நிற்கிறது.

கணக்கை ஒருமுறை சரிபார்த்தேன். இருபது வினாடி ஆகியிருக்கும்.

"சார், கேக்குதா சார்?" என்றான்.

"கேக்குது. அது பழைய சீக்குதான். நீ எறங்கு" என்றேன்.

"சரி சார். ரொம்ப நன்றி சார்."

அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. இதை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பத்திரிகைகளில் கடைசி நேரப் பதற்றம் என்றெல்லாம் எழுதினார்கள். பதற்றமே இல்லை.

அதற்குப் பிறகு வானொலி பேசவில்லை. நான் மைக்கைக் கீழே வைத்தேன். திரும்ப எடுத்து ஏறு என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு ஒரு நிமிடம் முழுதாக இருந்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை. அந்த ஒரு நிமிடமும் நான் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் யாரை நம்புவான் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். மறுபடி பெட்டி கத்தும். நிச்சயம் கத்தும், அது நல்ல பெட்டி. அப்போது பழையபடி கை தன்னால் போய்விட்டால் அவன் பிழைத்துக்கொள்வான். பிழைத்து வந்தால் நான் அவனிடம் தோற்றவன் என்று ஒப்புக்கொண்டு வேலையை விட்டிருப்பேன். ஆகவே அவன் உயிர் அவன் கையில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் ஒரு யோசனைதான் சொன்னேன். அவன் கேப்டன்.

வரவேண்டிய நேரம் தாண்டிப் பத்து நிமிடம் கழித்து விமானம் வரவில்லை என்று தெரிவித்தேன். அதற்குள் வானிலைத் தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போதும் உள்ளே பீரோவில்தான் இருக்கிறது, கேட்டால் தருகிறேன். மறுநாள் மத்தியானம் தேடப் போனவர்கள் புல்மேட்டில் கண்டுபிடித்தார்கள். எஸ்டேட் ஆட்கள்தான் முதலில் போனார்களாம். சாக்கும் கம்பளியும் கொண்டுபோய்க் கட்டித் தூக்கி வந்தார்கள். உடல்களை அடையாளம் காட்ட நான் போயிருந்தேன். ரோசியை அவள் முன்கையில் இருந்த தழும்பை வைத்து நான்தான் அடையாளம் சொன்னேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அழகுத்தாய் இங்கே வந்தாள். தனியாகத்தான் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டி கத்தியும் இவன் கேக்கலன்னு சொல்லுதாக சார். நெசமா?"

ஆமாம் என்றேன்.

"அவன் அப்படிப்பட்ட பிள்ளை இல்ல சார். லயத்துல ராத்திரி யாரு இருமுனாலும் முழிச்சிக்கிடுவான். எனக்கு முந்தி அவன் எந்திரிச்சிருவான். அவனா கேக்காம இருந்தான்?"

"வளர வளர மாறிருவாங்கம்மா" என்றேன்.

"கடைசியா உங்ககிட்ட ஏதும் பேசுனானா சார்? எம்பேரு ஏதும் சொன்னானா?"

ஒன்றும் பேசவில்லை என்றேன். முத்தாத்தாள் வாசல் வரை அவளுடன் போனாள். திரும்பி வந்து என்னைப் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. அன்றிலிருந்து அவள் என்னோடு தேவைக்கு மேல் பேசுவதில்லை. நான் காரணம் கேட்கவில்லை. வீடு அமைதியாக இருக்கிறது.

நேற்று நீங்கள் விமானி அறைப் பேச்சைப் பதிவு செய்கிற கறுப்புப் பெட்டியின் நாடாவைப் போட்டுக் காட்டினீர்கள். எரிந்தது போக மிஞ்சிய பதினாறு வினாடி. ஊளை, குரல். புதுத் துணை விமானி ஏற்றலாம் கேப்டன், ஏற்றலாம் என்று கெஞ்சுகிறான். சுருளிவேல் சொல்கிறான், "கையை எடு தம்பி. பொய்தான். சார் சொல்லிட்டாரு." பிறகு ஒன்றும் இல்லை. அந்தச் சார் யார் என்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். கேட்கத் தயங்கி இரண்டு நாளாகப் பெட்டியின் கம்பிகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நான்தான். வேறு யாரும் இல்லை. மலை எதிரே இருப்பது தெரிந்தே இறங்கு என்று சொன்னேன். நாற்பது பேர் இருப்பதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். போலீஸ் ஜீப்பைத் தெருவிலேயே நிறுத்தச் சொல்லுங்கள், நான் நடந்து வருகிறேன்.

ஒரே ஒரு விஷயம். உங்கள் அறிக்கையின் நகலில் நாலாம் பக்கத்தில், விமானிக்குப் பயிற்சி போதவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்த பிறகு எனக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். பதினாறு வினாடி மரணம் காதில் கத்தியும் அவன் கை அசையவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் இவ்வளவு நல்ல பயிற்சியை நான் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.